மேஸ்திரியின் நாற்காலி

"சொந்த ஊர் எது? அப்பா என்ன வேலை பார்க்கிறார்? ஊரில் எந்தப் பக்கம் வீடு?"

படிப்பை முடித்து முதல் நேர்காணலுக்குப் போய்வரும் நம் பிள்ளைகள் இந்தக் கேள்விகளைச் சொல்லிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு என்ன பொருள் என்று பிள்ளைக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

மனிதவளத்துறைக்கு நல்ல ஆட்களை எப்படிப் பிடிப்பது, பிடித்தவர்களை எப்படித் தக்கவைப்பது என்று நிர்வாக இதழ்கள் ஓயாமல் எழுதுகின்றன. சம்பளம், பதவிப் பெயர், வீட்டிலிருந்தே வேலை என்று பேச்சு போகும். ஆள் எடுக்கும் அந்த நாற்காலியில் இதுவரை யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்வி மட்டும் வராது. அதன் வரலாற்றை நாம்தான் பேச வேண்டும்.

அந்த நாற்காலியில் முதலில் இருந்தவர் மேஸ்திரி. பம்பாய் மில்களில் ஜாபர், கல்கத்தா சணல் ஆலைகளில் சர்தார், தேயிலைத் தோட்டங்களில் கங்காணி. ஆள் எடுப்பதும் அவரே, வேலை வாங்குவதும் அவரே, நீக்குவதும் அவரே. சொந்த ஊர், சொந்த சாதி, சொந்தக்காரர் என்றே ஆள் சேர்ந்தது. வேலைக்கும் லஞ்சம், வேலை நிலைப்பதற்கும் லஞ்சம்.

பம்பாய் மில்களில் கூலி கூடுதலாகக் கிடைத்த நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்கவில்லை. நூல் தீர்ந்தால், புது நூலை வாயால் உறிஞ்சி நாடாவின் துளை வழியே இழுக்க வேண்டும். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவைத் தொட மாட்டோம் என்றார்கள் மற்ற தொழிலாளர்கள். 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் இந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். முதலாளியின் வாசலுக்கு முன்பே சாதியின் வாசல் ஒன்று இருந்தது.

1929இல் விட்லி தலைமையில் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் அமைந்தது. 1931இல் வந்த அதன் அறிக்கை, ஆள் எடுக்கும் நீக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து பறித்துத் தொழிலாளர் அலுவலர் என்ற புதிய பதவிக்குக் கொடுக்கச் சொன்னது. 1936இல் பம்பாயில் டாட்டா சமூகப்பணிப் பள்ளி, 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி தொடங்கின. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டம். இன்றைய எச்.ஆர். பதவியின் ஒரு வேர், தொழிலாளர் நலனைப் படித்த சமூகப்பணியில் இருக்கிறது. இப்போதும் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற பலர் அந்தப் பிரிவை எடுப்பது அதனால்தான்.

ஆனால் மேஸ்திரியை எழுப்பிவிட்டு உட்கார்ந்தது யார்? அந்தப் பதவிக்குப் பட்டமும் ஆங்கிலமும் தேவைப்பட்டன. அவை யாருக்கு முதலில் கிடைத்தனவோ அவர்களே உட்கார்ந்தார்கள். அரசு நிறுவனங்களில் இடஒதுக்கீடு ஓரளவு கதவைத் திறந்தது. தனியார் துறையில் அது இல்லை. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1959 சட்டமும், அங்கிருந்து ஆள் எடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. 1991க்குப் பிறகு 'தொழிலாளர் நலன்' என்ற சொல் தேய்ந்து 'மனிதவளம்' என்ற சொல் ஓங்கியது.

2007 அக்டோபரில் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் இரண்டு ஆய்வுகள் வந்தன. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் ஒரே தகுதி, வெவ்வேறு பெயர் என்று 4,808 விண்ணப்பங்களைத் தனியார் வேலை விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஆதிக்க சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்து மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் பேசினார்கள். தகுதி ஒன்றே முக்கியம் என்றார்கள் மேலாளர்கள். அதே மூச்சில் 'குடும்பப் பின்னணி' கேட்பதும் அவசியம் என்றார்கள்.

இன்று பல நிறுவனங்கள் தங்கள் ஊழியர் பரிந்துரைக்கும் ஆளை எடுக்கின்றன, பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகையும் தருகின்றன. அன்று மேஸ்திரி தன் ஆளைக் கூட்டி வந்தார். இன்று அது பெயர் மாறி, கணினி வழியாக நடக்கிறது.

வேலை கிடைத்த பிறகும் அந்த நாற்காலியை நம்பித்தான் இருக்க வேண்டும். 2020இல் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசுத் துறை தொடுத்த வழக்கை நினைத்துப் பாருங்கள். தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டைப் புகாராகக் கொண்டுபோனபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று மனிதவளப் பிரிவில் சொன்னார்கள் என்பது அதில் உள்ள குற்றச்சாட்டு. புகாரைக் கேட்கிறவருக்குச் சாதி புரியாவிட்டால், அல்லது நன்றாகவே புரிந்திருந்தால், நம் பிள்ளை எத்தனை நாள் அங்கே தாக்குப்பிடிக்கும்? தக்கவைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவன் ஏன் ராஜினாமா கொடுத்தான் என்றும் கேட்க வேண்டும்.

தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையை நாம் விடப்போவதில்லை. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்போம்: ஒவ்வொரு நிறுவனமும் தன் மனிதவளப் பிரிவில் எத்தனை தலித்துகள், எத்தனை பழங்குடியினர் என்று எண்ணி வெளியிட வேண்டும். சமூகப்பணி படிக்கிற நம் பிள்ளைகளும், கம்பெனி வேலை நமக்கு எதற்கு என்று அந்தப் பிரிவை ஒதுக்கிவிட வேண்டாம். எந்தப் பக்கம் வீடு என்று கேட்காத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.