முதலில் தூக்கம்: ஃபைப்ரோமயால்ஜியா சிகிச்சையின் வரிசை குறித்து

ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர் வலியைச் சொல்லித்தான் மருத்துவரிடம் வருகிறார். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் உடம்பு அடித்துப் போட்டாற்போல் கிடக்கிறது என்பது பேச்சின் நடுவே வந்து போகும். வலியால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டதால் அசதி, எனவே வலியைக் குறைத்தால் மற்றவை தாமே சரியாகும் என்று மருத்துவரும் கணக்குப் போடுகிறார். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். தூக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் தூக்கம் வந்தால் வலி ஓடிவிடும் என்ற நம்பிக்கையில் அல்ல.

இந்நோய் ஃபைப்ரோசைட்டிஸ் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1975இல், டொராண்டோவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கியும் உடன் ஆய்ந்தவர்களும் நோயாளிகளின் மூளை அலைகளை இரவு முழுவதும் பதிவு செய்தனர். ஆழ்ந்த தூக்கத்துக்கு உரிய மெதுவான டெல்டா அலைகளின் மேல், கண்மூடி விழித்திருக்கும்போது தோன்றும் ஆல்ஃபா அலைகள் ஏறி நின்றன. அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். உடல்நலத்தோடு இருந்த சிலரை உறங்க வைத்து, ஆழ்ந்த தூக்கம் கூடும்போதெல்லாம் ஒலியெழுப்பி அதைக் கலைத்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் அசதி வந்தது. தசைகளை அழுத்தினால் வலித்தது. கனவுத் தூக்கத்தை மட்டும் கலைத்தபோது அப்படி நேரவில்லை. இது மிகச் சிறிய சோதனை. பின்னர் நடந்த சோதனைகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவும் இல்லை. ஆல்ஃபா ஊடுருவல் எல்லா நோயாளிகளிடமும் காணப்படுவதில்லை, நோயற்றவர் சிலரிடமும் காணப்படுகிறது. ஆகவே அதை நோயின் முத்திரையாகக் கொள்ள முடியாது. ஆனால் கெட்ட தூக்கமே வலியைக் கொண்டுவர முடியும் என்ற எதிர்த்திசையை அது திறந்து வைத்தது.

அந்தத் திசைக்கு வலுச்சேர்த்தது நார்வேயின் மக்கள்தொகை ஆய்வு. தொடக்கத்தில் தசை, மூட்டு வலி இல்லாத 12,350 பெண்களைச் சுமார் பத்தாண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். தூக்கக் குறை அறவே இல்லாதவர்களைவிட, அடிக்கடியோ எப்போதுமோ உள்ளவர்களுக்கு ஃபைப்ரோமயால்ஜியா வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். இது காரணத்தை நிறுவாது. எனினும் இப்பெண்களிடம் தூக்கக் குறை முன்னே வந்தது, வலி பின்னே வந்தது.

நோயறியும் முறை தூக்கத்தின் முக்கியத்துவத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரியின் 1990ஆம் ஆண்டு அளவுகோல், பரவலான வலியோடு, உடலின் 18 இடங்களை அழுத்தி 11இல் வலிக்கிறதா என்று பார்த்தது. 2010இல் வந்த அளவுகோல் அந்த அழுத்தலைக் கைவிட்டு, வலியின் பரவலோடு அசதி, எழும்போது தெளிவின்மை, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் தந்தது. மருந்துச்சீட்டுகள்தான் இன்னும் 1990இலேயே நிற்கின்றன.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையை ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை ஒன்று 2019இல் வெளியானது. தூக்கம் நன்றாகவே மேம்பட்டது. வலி பெரிதாகக் குறையவில்லை. அப்படியானால் தூக்கத்தை முதலில் வைப்பதில் என்ன பயன்? பயனை வலி அளவில் தேடுவதுதான் பிழை என்பேன். ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரைகளில் ‘வலுவான’ ஆதரவு பெற்றது உடற்பயிற்சி ஒன்றே. எந்த மருந்துக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை. அந்தப் பயிற்சியைத்தான் நோயாளிகள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். உடம்பு கொஞ்சம் தெளிந்த நாளில் சேர்த்துவைத்த வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடக்கிறார்கள். ஓரளவு நிலையான தூக்கம் இந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். தணிந்தால் தினமும் பத்து நிமிடம் நடக்க முடியும். வலி குறைய வேண்டியது அந்த வழியாகத்தான். இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணி இப்போதைக்கு என் அனுமானமே.

தூக்கத்தை முதலில் வைப்பது என்றால் தூக்க மாத்திரை எழுதுவது என்று பொருளல்ல. குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டா, இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்தக் கால் பதற்றம் இருந்தது. மற்றவர்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கே இருந்தது. கேளாமல் விட்டால் என்ன ஆகும்? வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து வழக்கமாகக் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் அந்தப் பதற்றத்தைக் கூட்டக்கூடும்; பிரிகாபலின் அதைத் தணிக்கும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அதைச் சரிசெய்வதே மருந்து. மூச்சுத் தடை உள்ளவருக்கு ஓபியாய்டு வலிநிவாரணி கொடுப்பது ஆபத்து.

தூக்கத்தையே குறிவைத்த மருந்துகளும் வந்திருக்கின்றன. ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டும் சோடியம் ஆக்ஸிபேட்டை இந்நோய்க்கு அனுமதிக்க அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இல் மறுத்தது. படுக்கப் போகும்போது நாவின் அடியில் வைக்கும் சைக்ளோபென்சாப்ரினுக்கு 2025 ஆகஸ்டில் அனுமதி தந்தது. வரவேற்கத்தக்கதே, ஆயினும் நடத்தைச் சிகிச்சையின் இடத்தை அது நிரப்பாது.

அச்சிகிச்சையின் உயிர், தினமும் ஒரே நேரத்தில் எழுவதும், தூங்காமல் படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதும். சாதாரணத் தூக்கமின்மையில் படுக்கை நேரத்தை ஒரேயடியாக வெட்டுவார்கள். இந்நோயில் அப்படிச் செய்தால் முதல் வாரத்திலேயே வலி ஏறி நோயாளி ஓடிவிடக்கூடும். வாரத்துக்குக் கால் மணியோ அரை மணியோ சுருக்குவது நல்லது. பகலில் சாய்வதை அறவே தடுக்க வேண்டியதில்லை. பிற்பகல் முற்பகுதியில் இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்தால் போதும். மாமியாருக்கு மருந்து, குழந்தைக்குப் பள்ளி, விடியலில் குழாய்த் தண்ணீர் என்று பிறர் கடிகாரத்தில் வாழும் பெண்ணுக்கு இவற்றை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துப் பயனில்லை. வீட்டாரையும் உட்கார வைத்துத்தான் எழும் நேரத்தை முடிவுசெய்ய வேண்டும்.

இனி வரும் சோதனைகள் வலி மதிப்பெண்ணை மட்டும் எண்ணாமல், மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் நோயாளி தொடர்ந்து எத்தனை நிமிடம் நடக்கிறார், மறுநாள் எந்த நிலையில் எழுகிறார் என்பதையும் அளக்க வேண்டும். மேலே அனுமானம் என்று சொன்ன நடுக்கண்ணி நிற்குமா அறுமா என்பது அந்த அளவீட்டில் தெரியும்.