ஷாக் அப்சார்பர்: கொஞ்சம் எண்ணெய், நிறைய வெப்பம், ஒரு பாலைவனம்

ஷாக் அப்சார்பர் என்றதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் சாமான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெயரே கொஞ்சம் ஏமாற்று வேலை. பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். ஆனால் வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். அப்போது வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஆட்டத்தை வெப்பமாக மாற்றி வெளியே விடுகிறது, அவ்வளவுதான். இந்த வெப்பத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நூறு வருடக் கதையும் புரியும், கரடுமுரடான பாதையில் பிக்கப் டிரக் ஓட்டுபவர்கள் எந்த ஷாக் வாங்குவது என்று சண்டை போடுவதற்கான விடையும் அதிலேயே இருக்கிறது.

ஆரம்பத்தில் எண்ணெயே கிடையாது. பிரான்சில் ட்ரூஃபோ என்பவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உராய்வை வைத்து ஒன்று செய்தார். கத்தரிக்கோல் போல இரண்டு கைகள், நடுவில் ஒன்றோடொன்று தேயும் தட்டுகள், இறுக்க ஒரு போல்ட். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு உரிமம் வாங்கி அதைத் தன் நாட்டில் விற்றார். கண்டுபிடித்தவர் ஒருவர், சந்தை பிடித்தவர் இன்னொருவர். காமர்ஸ் மாணவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை :-)

உராய்வு ஷாக்கில் ஒரு குறை. சின்னக் கல்லுக்கும் பெரிய பள்ளத்துக்கும் ஒரே மாதிரி எதிர்ப்புக் காட்டும். எண்ணெய் அப்படி இல்லை. சின்ன ஓட்டை வழியாக மெதுவாகத் தள்ளினால் எளிதாகப் போகும், வேகமாகத் தள்ளினால் முரண்டு பிடிக்கும். பிரான்சின் ஊதாய் இந்தக் குணத்தைப் பயன்படுத்தி ஹைட்ராலிக் ஷாக் செய்தார். 1927 டிசம்பரில் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் அது இடம்பிடித்தது. பிறகு இன்று நாம் பார்க்கும் நீளமான குழாய் வடிவம் வந்தது. குழாய்க்குள் குழாய், உள்ளே பிஸ்டன், வெளிக்குழாயில் மீதி எண்ணெயும் கொஞ்சம் காற்றும். இதுதான் இரட்டைக் குழாய் ஷாக். செய்ய மலிவு, சாதாரணச் சாலைக்குத் தாராளமாகப் போதும்.

சிக்கல் எங்கே? தொடர்ந்து குலுங்கினால் எண்ணெயும் காற்றும் கலந்து நுரை வரும். நுரை ஓட்டை வழியாகச் சுலபமாகப் போய்விடும். எண்ணெயும் சூடேறி நீர்த்துப்போகும். ஓட்டுநருக்குத் தெரியாமலே ஷாக் மெல்ல மெல்ல வேலையை விட்டுவிடும். இதற்கு வழி சொன்னவர் பிரெஞ்சு விஞ்ஞானி தெ கார்போன். ஒரே குழாய், அதில் எண்ணெயையும் நைட்ரஜனையும் பிரிக்க ஒரு மிதக்கும் பிஸ்டன், டயரில் இருப்பதைவிடப் பல மடங்கு அழுத்தம். நுரைக்கு வழியில்லை. சூடும் குழாய்ச் சுவர் வழியாக நேரே வெளிக்காற்றுக்குப் போகிறது. ஜெர்மனியின் பில்ஸ்டீன் 1957இல் மெர்சிடிஸ் பென்ஸுக்காக இதைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது. இதுதான் மோனோடியூப்.

அடுத்த காட்சி மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா பாலைவனம். 1967இல் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை முதல் பாஹா பந்தயம். ஃபோக்ஸ்வேகன் பாகங்களில் கட்டிய மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற சின்ன பக்கி வண்டி 27 மணி 38 நிமிடத்தில் ஜெயித்தது. பிறகு கனமான வண்டிகளும் கலக்கின. 1971, 1972 இரண்டு வருடமும் பார்னெல்லி ஜோன்ஸ் ஃபோர்டு பிராங்கோவில் வென்றார். கனம் கூடினால் வெப்பமும் கூடும். 2,500 கிலோ வண்டி அரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு தடவை விழுந்தால் சுமார் 12,000 ஜூல். இது மணிக்கணக்கில் நடந்தால்? ஒரு சக்கரத்துக்கு இரண்டு மூன்று ஷாக் மாட்டிச் சூட்டைப் பங்கு போட்டார்கள். பிறகு தடிமனான குழாய், தனியாகத் தொங்கும் எண்ணெய்க் குப்பி, பிஸ்டன் இருக்கும் இடத்தைப் பொறுத்து எதிர்ப்பை மாற்றும் பைபாஸ் என்று வந்தன. பாப் ஃபாக்ஸ் 1974இல் மோட்டோகிராஸ் பைக்குகளுக்காக ஆரம்பித்த நிறுவனத்தின் பைபாஸ் ஷாக், 2010 மாடல் ஃபோர்டு ராப்டரில் ஷோரூமிலிருந்தே பொருத்தி வந்தது. பந்தயச் சாமான் வாரண்டியோடு கிடைத்தது!

சரி, கம்பெனியே எல்லா வண்டியிலும் நல்லதைப் போடக்கூடாதா? ஒரு பேச்சுக்கு, ஒரு ஷாக்கில் 10 டாலர் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு நான்கு, வண்டிகள் 5 லட்சம். மொத்தம் 2 கோடி டாலர். வாங்குபவர்களில் பெரும்பாலோர் பாலைவனம் பக்கமே போகமாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் தனியாக ஷாக் விற்கும் தொழில் பிழைக்கிறது.

இப்போது ஒப்பீடு:

1. பாரம் ஏற்றி, மெதுவாக, மண்பாதையில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு நைட்ரோசார்ஜர் மாதிரி வாயு அடைத்த இரட்டைக் குழாய் போதும். கல் பட்டு வெளிக்குழாய் நசுங்கினாலும் பிஸ்டன் உள்குழாயில் ஓடிக்கொண்டிருக்கும். மோனோடியூபில் அதே அடி பட்டால் பிஸ்டனே சிக்கிக்கொள்ளும்.

2. ஒரு நாள் காலி வண்டி, மறுநாள் பாரம் என்பவர்களுக்கு ராஞ்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல். குமிழைத் திருகி 9 நிலைகளில் கடினத்தை மாற்றலாம்.

3. தினமும் தார்ச்சாலை, வாரக் கடைசியில் கரடுமுரடு என்றால் பில்ஸ்டீன் 5100 போன்ற மோனோடியூப். சூடு தாங்கும், சாலையிலும் வண்டி கட்டுப்பாட்டில் நிற்கும்.

4. மணலில் வேகமாகப் பறப்பவர்களுக்கு மட்டும் ஃபாக்ஸ் 2.5 வகை. விட்டம் 2 அங்குலத்திலிருந்து 2.5 ஆனாலே குறுக்குப் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. பிரித்து சீல் மாற்றலாம், ஆனால் அவ்வப்போது மாற்றியே ஆகவேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

வரலாற்றைப் பார்த்தால் ஒவ்வொரு ஷாக்கும் முந்தையது எங்கே தோற்றதோ அங்கே பிறந்திருக்கிறது. அந்தத் தோல்வி உங்கள் வண்டிக்கு வரவே போவதில்லை என்றால் அதற்கான மருந்துக்கு ஏன் காசு? விலை அதிகமானதே நல்லது என்று வாங்குகிறவர், பாஹா பந்தய ஓட்டுநரின் பிரச்சினைக்குத் தன் பணத்தைக் கட்டுகிறார். மலிவானதே போதும் என்று மணலில் பாய்கிறவர் பணத்தைவிடப் பெரியதைப் பணயம் வைக்கிறார்.

இதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் அந்த 12,000 ஜூல் கணக்கைச் சரிபார்க்கலாம்.