பஞ்சும் துணியும் காகிதச் சுருளும்

மோட்டார் வண்டியின் வயிற்றில் ஓடும் எண்ணெயை வடிகட்டியே ஆகவேண்டும் என்ற எண்ணம், வண்டி பிறந்து வெகுகாலம் சென்ற பிறகே மனிதனுக்கு உதித்தது. 1908-இல் வெளிவந்த போர்டு 'டி' மாடல் காரில் வடிகட்டி மட்டுமல்ல, எண்ணெய் பம்பே கிடையாது. சுழலும் ஃப்ளைவீல் வாரியிறைத்த எண்ணெய் ஒரு குழாய் வழியே எஞ்சினின் முன்புறம் சென்று, பேரிங்குகளை நனைத்து, கரியையும் இரும்புத் துகளையும் சாலைப் புழுதியையும் சேர்த்துக்கொண்டு, மறுபடியும் அடித்தொட்டியில் வந்து விழும். பின்னால் வந்த 'ஏ' மாடலில் பம்பு இருந்தது. ஆனால் ஒரு கம்பி வலைக்கு மேல் வேறு பாதுகாப்பு இல்லாமையால், ஐந்நூறு மைல் ஓடியதும் பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிக்கொள்வதே பரிகாரமாக இருந்தது.

இந்த அவஸ்தைக்கு வழிகண்டவர் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் என்ற அமெரிக்கர். சர்க்கரை ஆலை முதலிய இடங்களில் திரவங்களை அழுத்தி வடிக்கும் பெரிய யந்திரங்களை முன்னமே அமைத்துப் பெயர் பெற்றிருந்த அவர், அதே தத்துவத்தைச் சுருக்கி ஒரு டப்பாவுக்குள் அடக்கி, ஜார்ஜ் கிரீன்ஹால்க் என்பவருடன் சேர்ந்து 1923-இல் 'பியூரோலேட்டர்' என்ற பெயரில் வெளியிட்டார். உள்ளே இருந்தவை துணி போர்த்திய ஏழு தட்டுகள். நம் வீட்டுப் பெண்கள் வெல்லப்பாகைத் துணியில் வடித்துக் கல்லையும் மண்ணையும் நீக்கும் அதே காரியத்தை எண்ணெய்க்கு அவை செய்தன. எண்ணெய் ஓடுகிறதா, துணி அடைத்துக்கொண்டதா என்று பார்த்துக்கொள்ள ஒரு சிறு கண்ணாடியும் வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு கிரைஸ்லர் தம் புதிய காரில் இதைச் சேர்த்துக்கொண்டபின், வடிகட்டி என்பது பணக்காரர்களின் வீண் ஆடம்பரம் என்று சொல்வது கடினமாயிற்று.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர் மனத்தில் கொள்ளவேண்டும். அக்காலத்து வடிகட்டிகளில் பெரும்பாலானவை பம்பிலிருந்து வரும் எண்ணெய் முழுவதையும் வடித்துக் கொடுக்கவில்லை. பெரும்பகுதி நேரே பேரிங்குகளுக்குப் போய்விட, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மட்டும் மெல்லிய கிளைக்குழாய் ஒன்றின் வழியே வடிகட்டிக்குள் சென்று, சாவகாசமாக ஊறி இறங்கி, அடித்தொட்டிக்குத் திரும்பியது. அவசரமில்லாத இந்த ஓட்டந்தான், பிற்காலத்தார் கேட்டால் நம்பமாட்டாத பதார்த்தங்களுக்கெல்லாம் எஞ்சினுக்குள் இடம் கொடுத்தது. நூல் ஆலைக் கழிவுப் பஞ்சை இறுக அடைத்த டப்பாக்கள் வந்தன. ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் கைதுடைக்கும் அதே 'வேஸ்ட்'தான். மரச்சீவல் வந்தது, கம்பளி ஃபெல்ட் வந்தது. குனோ என்ற கம்பெனி எதையுமே அடைக்காமல், மெல்லிய உலோகத் தகடுகளை நூலிழை இடைவெளி விட்டு அடுக்கி, கைப்பிடியைத் திருகினால் இடையில் சேர்ந்த அழுக்குச் சுரண்டப்பட்டுக் கீழே விழுமாறு ஒரு சாதனம் அமைத்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடு, ஆனால் சொந்தக்காரர் திருக மறந்தால் பயனில்லை, மறப்பதோ மனித சுபாவம். எண்ணெயின் அமிலத்தை உறிஞ்சும் களிமண்ணைக்கூட நிரப்பிப் பார்த்தார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் அழுக்கைக் கரைத்து மிதக்கவைக்கும் ரசாயனங்களைக் கலக்கத் தொடங்கியதும், அந்தக் களிமண் அழுக்கோடு மருந்தையும் சேர்த்தே விழுங்கிற்று; அதனோடு அதன் கதை முடிந்தது.

இவை எல்லாவற்றிலும் விசித்திரமானது ஃபிரான்ட்ஸ் வடிகட்டி. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய பத்திருபது ஆண்டுகளில், கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரிலிருந்து விற்பனைக்கு வந்த இந்த உலோக உருளைக்குள் வைக்கப்பட்ட பொருள், கழிவறையில் உபயோகிக்கும் சாதாரணக் காகிதச் சுருள். எந்த மூலைக் கடையிலும் சில காசுக்குக் கிடைத்தது. எண்ணெய் தாளைத் துளைத்துக்கொண்டு குறுக்கே போகவில்லை. நூற்றுக்கணக்கான மடிப்புகளுக்கிடையே சுருளின் நீளவாக்கில், நாலரை அங்குலத் தூரம் ஊர்ந்து போயிற்று. ஆகவே சாதாரண வடிகட்டிகளிடம் தப்பிய மிகநுண்ணிய கரித்துகளும் அங்கே சிக்கிக்கொண்டது. காகிதத்தின் நாரோ, எஞ்சினுக்குள் திரண்ட நீரையும் உறிஞ்சியது. ஓரிரண்டாயிரம் மைலுக்கொரு முறை கறுத்துப்போன சுருளை எடுத்து எறிந்து, புதியதை வைத்து, குறைந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டால், எண்ணெயை அடியோடு மாற்றவேண்டிய அவசியமே இராது என்று அதன் பக்தர்கள் வாதித்தார்கள். எதிர்ப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை: நார் பிய்ந்து எஞ்சினுக்குள் போகாதா, சுருள் தளர்ந்தால் எண்ணெய் ஓரமாகக் குறுக்குவழி தேடிக்கொள்ளாதா, கலந்த ரசாயனம் தீர்ந்துபோனால் காகிதம் அதைத் திருப்பித் தருமா என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பக்தர்களிடம் நேரான விடை இல்லை. சுருள் மாற்றும்போது ஊற்றும் புது எண்ணெய் ஈடுசெய்யும் என்றுதான் சொல்லமுடிந்தது. மற்றபடி அந்தக் காகிதம் தன் வேலையை ஒழுங்காகவே செய்தது என்பது என் அபிப்பிராயம். அதன் மீதிருந்த இளக்காரத்தில் பாதி, பொருளின் குணத்தால் அல்ல, அது வழக்கமாக இருக்கும் இடத்தின் ஞாபகத்தால் வந்தது.

இந்த வகைகள் வழக்கொழிந்ததற்குக் காரணம் அவை அழுக்கை நீக்கத் தவறியதல்ல. பம்பிலிருந்து வரும் எண்ணெய் முழுவதும் பேரிங்கை அடையுமுன் வடிகட்டப்பட வேண்டும் என்ற கொள்கை நிலைபெற்றபோது, நிதானமாக ஊறும் பஞ்சாலும் சுருளாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பிசின் ஊட்டி விசிறிபோல் மடித்த காகிதத்தால் முடிந்தது. 1950-களில் டப்பாவையே திருகிக் கழற்றி எறியும் வடிகட்டியும் வந்ததும், கையில் கரிபடச் சுருள் மாற்றும் சிரமம் யாருக்கு வேண்டும்? ஆயினும் அந்த நாகரிக டப்பாக்கள் பலவற்றைப் பிளந்து பார்த்தால் உள்ளே இருப்பது மரநாரில் செய்த காகிதமே. ஃபிரான்ட்ஸின் பழைய உருளைகளைத் தேடி வாங்கி, புதிய சுருள் வைத்து ஓட்டும் ஆர்வலர்கள் அமெரிக்காவில் இன்றும் இருக்கிறார்கள்.