வழி சொன்னவர்

எங்கட ஊர் கேட்டி. ஹரோல்ட் கேட்டி என்றொரு மனிதரும் இருந்தார். ஆங்கிலத்தில் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் ஒன்றுதான். 1903இல் தஸ்மானியாவில் பிறந்தவர். கடற்படைக் கல்லூரியில் படித்து, நட்சத்திரங்களை வைத்துத் திசை கணிப்பதில் கெட்டிக்காரரானார்.

1931 யூன் 23ஆம் திகதி, எங்கட டெக்சாஸில் பிறந்த ஒற்றைக்கண் விமானி வைலி போஸ்ட் நியூயோர்க்கிலிருந்து உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார். பின்பக்கத்தில் இருந்து வழி சொன்னவர் கேட்டி. 8 நாள், 15 மணி, 51 நிமிடத்தில் திரும்பி வந்து இறங்கினார்கள். 1929இல் ஆகாயக் கப்பலொன்று சுற்றி வர 21 நாள் எடுத்தது! போஸ்ட்டின் பெயரை இங்கே கேள்விப்பட்டிருப்பீர்கள். வழி சொன்னவரை ஆர் நினைக்கினம்?

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கடலில் விழுந்து தெப்பத்தில் தத்தளிக்கும் விமானிகளுக்காக 1943இல் ஒரு புத்தகம் எழுதினார். பறவை, அலை, மேகம், வெள்ளி பார்த்துக் கரை சேரும் விதம். பசிபிக் தீவு மக்களின் அறிவு அது. வல்வெட்டித்துறைத் தண்டையல்மாருக்கும் தெரிந்ததுதான். எங்களில் எத்தனையோ பேரை இருட்டில பாக்குநீரிணை கடத்திவிட்ட ஓட்டிமாரின்ர பெயர்களை ஆரும் எழுதி வைக்கேல்லை. தெரிந்தவர்கள் அடுத்த மலருக்கு எழுதுங்கோ.

கேட்டி பிறகு பிஜிக்குப் போய், 1951இல் விமானசேவை தொடங்கினார். 1957இல் அங்கேயே காலமானார். அந்தச் சேவை இன்றும் நடக்குது.