ஸ்கோக்கி: நடக்காத ஒரு ஊர்வலத்தின் கதை

சிகாகோவை ஒட்டிய சின்ன ஊர் ஸ்கோக்கி. 1970களில் அங்கே வாழ்ந்த சுமார் 70,000 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் யூதர்கள். ஹிட்லரிடமிருந்து உயிர்தப்பி வந்தவர்கள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

1977ல் ஃப்ராங்க் காலின் என்பவர் தன் குட்டி நாஜிக் கட்சியோடு அங்கே வரப்போவதாக அறிவித்தார். ஸ்வஸ்திகா பட்டை, சீருடை எல்லாம் உண்டு. கையில் பிடிக்கும் அட்டைகளில் என்ன எழுதப்போகிறார்களாம்? வெள்ளையருக்குப் பேச்சுரிமை வேண்டுமாம்! (இவருடைய அப்பாவே டாஹவ் வதைமுகாமில் இருந்த யூதர் என்பது தனிக் கூத்து.)

"கண்டுகொள்ளாதீர்கள், கூட்டம் சேராவிட்டால் தானாகப் போய்விடுவார்கள்" என்பதுதான் யூத அமைப்புகள் முதலில் சொன்ன யோசனை. தப்பி வந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று ஐரோப்பாவில் ஒருமுறை பார்த்தவர்கள் அவர்கள். வந்தால் தெருவில் இறங்கி நேருக்கு நேர் நிற்போம் என்றார்கள். ஊர் நிர்வாகம் நீதிமன்றத் தடை வாங்கியது. ஊர்வலம் போக 3,50,000 டாலர் காப்பீடு காட்ட வேண்டும் என்று விதியும் போட்டது.

காலினுக்காக வாதாடியது ஏ.சி.எல்.யு. என்ற சிவில் உரிமை அமைப்பு. வக்கீல் டேவிட் கோல்ட்பெர்கர் யூதர். அமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆர்யே நையர் 1937ல் பெர்லினில் பிறந்து, குழந்தையாக நாஜிகளிடமிருந்து தப்பியவர். இன்று ஸ்கோக்கி போடும் இதே விதியை வைத்து நாளை தெற்கே ஒரு ஊர் கறுப்பர்களின் ஊர்வலத்தைத் தடுக்கும் என்பது அவர்கள் வாதம். உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் விலகினார்கள். விலகியவர்கள் மேல் கோபப்படவும் முடியவில்லை. முகாமில் பெற்றோரைப் பறிகொடுத்தவரிடம் போய் அரசியல் சட்டம் பேசுவது சுலபமா என்ன?

1978ல் நீதிமன்றங்கள் காலின் பக்கம் தீர்ப்பளித்தன. ஜெயித்த பிறகு அவர் ஸ்கோக்கிக்கு வரவே இல்லை! அந்த ஜூனில் சிகாகோ நகர மையத்தில் ஒரு சின்னக் கும்பலோடு கொஞ்ச நேரம் நின்றார். எதிர்த்துக் கூச்சலிட வந்தவர்களோ ஆயிரக்கணக்கானவர்கள். ஜூலையில் மார்க்வெட் பூங்காவில் இன்னொரு கூட்டம். 1966ல் ஊர்வலம் போன மார்டின் லூதர் கிங் தலையில் கல் பட்டது அதே பூங்காவில்தான்.

தெருவில் நிற்கத் தயாரான ஸ்கோக்கிவாசிகள் அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. அதுவரை பிள்ளைகளிடம்கூடப் பேசாத கதைகளைப் பள்ளிகளில் போய்ச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு சின்னக் கடையறையில் அருங்காட்சியகம் வைத்தார்கள். 2009ல் அது ஸ்கோக்கியிலேயே பெரிய கட்டடமாகத் திறக்கப்பட்டது.