வாலிபர் நகரில் வந்த முதுமை

1956-இல் பழுப்பு நிலக்கரி ஸ்தாபனம் உருப்பெற்று, மறு ஆண்டே நேருவின் கையால் சுரங்கப் பணியும் துவங்கப்பெற்ற நெய்வேலியில், வட்டம் வட்டமாக எழுந்த குவார்ட்டர்ஸ்களில் குடிபுகுந்தோர் பெரும்பாலும் வேலை தேடி வந்த வாலிபர்களே ஆதலால், அந்நகரில் கிழவர் என்றால், ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கிய தகப்பனார் என்றே பொருள்பட்டது. இரவில் நான்கைந்து முறை எழுந்து, மருமகள் விழித்துக்கொள்ளாதபடி பின்கதவின் தாழ்ப்பாளை மெல்ல நீக்க முயன்று, அம்முயற்சியாலேயே அதைக் கிறீச்சிட வைத்து, இருளில் நெடுநேரம் நின்றும் சொட்டுச் சொட்டாகவே நீர் பிரிய, திருப்தியின்றித் திரும்பிப் படுக்கும் அப்பெரியவர், "வயசாச்சு, அப்படித்தான்" என்று தம் நோய்க்குத் தாமே தீர்ப்பு எழுதிவிடுவார்.

சித்த வைத்தியர் இதனைச் சதையடைப்பு என்றனர். ஆயுர்வேத ஆசான் சுசுருதரோ நீரடைப்பின் பேதங்களை மூத்திராகாதம் என்னும் பெயரில் வகுத்ததோடு, குறுகிய நீர்வழியை விரிக்க நெய் தடவிய குழல்களையும் விதித்தார். ஆயினும் மூத்திரப்பையின் கழுத்தைச் சூழ்ந்திருக்கும் புரோஸ்டேட் சுரப்பியே வயோதிகத்தில் பருத்து, தன் நடுவே செல்லும் குழாயை நெரிக்கிறது என்று அறிந்த பின்னரும், நெடுங்காலம் ரப்பர்க் குழாயே பலருக்குக் கதியாயிருந்தது.

இந்நிலையை மாற்றியவர்களுள் ஒருவர் இந்தியாவில் தொழில் பழகியவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. இந்திய மருத்துவப் பணியில் இருபதாண்டுகளுக்கு மேல் வட இந்தியாவில் கல்லடைப்பு நோயாளிகளிடம் கைதேர்ந்த பீட்டர் ஃபிரேயர் என்னும் ஐரிஷ்காரர், லண்டன் திரும்பி, 1900 டிசம்பரில், அடிவயிற்றைத் திறந்து, ஒரு கை விரலை மூத்திரப்பைக்குள்ளும் மறு கை விரலை ஆசனவாயிலும் செலுத்தி, கண்ணால் காணாமலே, பருத்த சுரப்பியைத் தோலுரித்தாற்போல் அகழ்ந்தெடுத்தார். தமக்கு முன்பே இதைச் செய்தவர் உண்டு என்ற வழக்கை அவர் கடைசிவரை ஒப்பவில்லை. கர்வம் மிகுந்தவர்தாம், ஆனால் கை பொய்க்கவில்லை. 1945-இல் மில்லின் என்னும் அறுவை மருத்துவர், மூத்திரப்பையைத் திறவாமலே சுரப்பியை எடுக்கும் வழி கண்டார்; நீர்வழியாகவே கருவியைச் செலுத்திச் செதுக்கும் முறை பின்னர் எங்கும் பரவியது. 1990-களில் மாத்திரைகள் பெருகவே, கத்தியின் அவசியமும் குறைந்தது.

நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாது இறைத்து வெளியேற்றாவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலெழும்பிவிடும் என்று கற்றுத் தேர்ந்த நெய்வேலிவாசிகளுக்கு, தேங்கிய நீர் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முதல் தலைமுறை ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரிலும் சுற்றுப்புறங்களிலும் வீடு கட்டி அமர்ந்தபோதோ, தகப்பனாரின் நோயோடு அவருடைய வெட்கமும் மகனுக்கு வந்தது.

ஐம்பதைக் கடந்த அன்பர்களே, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்ற கணக்கை டாக்டரிடம் கூசாமல் சொல்லுங்கள். ஒரு நிமிஷமும் ஆகாத ஆசனவாய்வழி விரல் பரிசோதனையைத் தட்டாதீர்கள். நீர் அடியோடு நின்றுவிட்டால், விடியட்டும் என்று இராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.