அளப்பவர் யார்?: ஃபுகுஷிமாவுக்குப் பின் ஒரு திறந்த மூலக் கதிர்வீச்சு அளவியின் வரலாறு

திறந்த மூல வன்பொருளின் பயன்களுள் செலவுக் குறைவே முதலில் சுட்டப்பெறுவது வழக்கம். ஜப்பானில் உருவான ‘பிகைகி’ என்னும் கதிர்வீச்சு அளவியின் வரலாற்றில் விலையைவிட நம்பகமே மையச் சிக்கலாக இருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

2011 மார்ச் 11 அன்று நிகழ்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா தாய்ச்சி அணுமின் நிலையத்தைச் சிதைத்தன. மறுநாள் மாலை, 20 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வாழ்ந்தோர் வெளியேறுமாறு அரசு ஆணையிட்டது. கதிரியக்கத் துகள்களோ வட்டத்துக்குள் அடங்கவில்லை. காற்றும் மழையும் பனியும் அவற்றை வடமேற்கே கொண்டு சேர்த்தன. அரசின் ‘ஸ்பீடி’ என்னும் கணிப்பு முறையின் முடிவுகள் மார்ச் 23 வரை பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. அதற்குள் நமியே நகரத்தார் பலர் த்சுஷிமா பகுதியில், அதாவது துகள்கள் சென்ற திசையிலேயே, தஞ்சம் புகுந்திருந்தனர். பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கும் அப்பால் அமைந்த இயிதாத்தே என்னும் ஊர் ஏப்ரல் 22 அன்றே வெளியேற்றப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இச்சூழலில் ஷான் பானர், பீட்டர் ஃபிராங்கன், ஜோய் இட்டோ ஆகியோர் முன்னின்று தொடங்கிய தன்னார்வ அமைப்பே சேஃப்காஸ்ட். கைகர் அளவிகள் அப்போது சந்தையில் கிடைப்பதே அரிதாயிற்று. ஆகவே, இருந்த சிலவற்றை ஊர்தோறும் நிறுத்துவதை விடுத்து, காரில் ஏற்றி ஓட்டிச் செல்லும் வழியைத் தேர்ந்தனர். பற்றாக்குறையே கருவியின் வடிவை முடிவுசெய்தது எனலாம். ஆர்டுயினோ பலகை, கைகர் குழாய், ஜிபிஎஸ் ஆகியவற்றைக் கொண்ட அப்பெட்டி ஐந்து நொடிக்கு ஒருமுறை அளவையும் இடத்தையும் பதிந்தது. சோற்றுப்பெட்டியைப் போன்றிருந்ததால் ‘பெந்தோ’ என்னும் ஜப்பானியச் சொல்லிலிருந்து பெயரின் முதலெழுத்து வந்தது. பின்னர் வந்த ‘நானோ’ வடிவத்தைப் பயிற்சிப் பட்டறைகளில் பொதுமக்களே பற்றவைத்துப் பூட்டினர்.

சுற்றுப்படமும் மென்பொருளும் வெளிப்படையாக இருந்தமையால், ஓர் எண் எவ்வாறு பெறப்பட்டது என்பதை ஐயுறுவோர் எவரும் சோதிக்க முடிந்தது. அளவீடுகள் யாவும் பொதுவுரிமையில் வெளியிடப்பட்டன. அணுமின்சாரம் வேண்டும், வேண்டாம் என்னும் இரு நிலைப்பாட்டிலிருந்தும் அமைப்பு விலகி நின்றது. தரவு மட்டும் திறந்திருந்து கருவி மூடியிருந்தால், அதுவும் அரசின் அறிக்கைபோல நம்பிக் கேட்க வேண்டிய ஒன்றாகவே முடிந்திருக்கும்.

குறைகளும் உண்டு. காரில் எடுத்த அளவு சாலையின் அளவே. அருகிலுள்ள காட்டிலோ வீட்டு முற்றத்திலோ கதிர்வீச்சு வேறுபடலாம். குழாயின் எண்ணிக்கையை மைக்ரோசீவர்ட்டாக மாற்றும்போது மூலம் சீசியம்-137 என்று கொள்ளப்படுகிறது. உணவிலும் உடலிலும் சேர்ந்த கதிரியக்கத்தை இக்கருவி காட்டாது. தன்னார்வலர் செல்லாத சாலைகள் வரைபடத்தில் வெற்றிடமாகவே நின்றன.

இயிதாத்தேயின் பெரும்பகுதியில் வெளியேற்ற ஆணை 2017 மார்ச் 31 அன்று நீக்கப்பட்டது. ஊர் திரும்புவதா என்று எண்ணிய குடும்பங்களின் முன் அப்போது அரசின் அளவீடுகளோடு, ஒரே சாலைகளில் ஆண்டுக்கணக்கில் தன்னார்வலர் எடுத்த அளவீடுகளும் இருந்தன.